அறைஞ்ச கை

அம்மா இல்லம்மா. ஜோடி.

நல்லா உத்துப் பாத்துச் சொல்லு. "நீங்க நடிகர் புவிராஜோட அம்மாதானே?"ன்னு கேட்டியே, அதுக்குத்தான் சொல்றேன். நான் அவனுக்கு அம்மா இல்ல. அவன்கூட மூணு படத்துல ஜோடி போட்டவ. ஊட்டிக் குளிர்ல பல்லு தந்தியடிக்க, மெல்லிசா ஒரு சேலையக் கட்டிக்கிட்டு அவன் தோள்ல சாஞ்சு சிரிச்சவ. எனக்கு இப்ப ஐம்பத்தாறு. அவனுக்கு அறுபத்துநாலு. தன்னைவிட எட்டு வயசு மூத்த பிள்ளையப் பெத்தவ இந்த உலகத்துலயே நான் ஒருத்திதான்.

கோவமெல்லாம் இல்ல தாயி, உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், இப்படி வலது பக்கம் வா. இடது காது எனக்கு மந்தம். எந்நேரமும் உள்ளுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம், வண்டு பூந்த மாதிரி. ஆமா, மெட்ராஸ் வரைக்கும்தான் போறேன். நீயும் அங்கதானா? அப்ப நல்லதாப் போச்சு. பொழுது போகணும்ல.

அந்தக் கூட்டத்துக்குத்தான் மதுரைக்கு வந்தேன். நேத்து சாயங்காலம் ரிங் ரோட்டுப் பக்கம் நடந்துச்சே, அதான். செல்லுல பாத்தியா? பாத்துட்டுத்தான் என்கிட்ட வந்து அம்மானு கேக்கிறியா! சரி, பாத்தது பாதிதான். மீதியை என் வாயால கேளு. ரயில் இன்னும் திண்டுக்கல் கூட வரல, நேரம் கெடக்கு.

எனக்கும் மதுரைப் பக்கம்தான். உசிலம்பட்டிக்கு மேக்க. பெத்தவங்க வச்ச பேரு பேச்சியம்மா. கோடம்பாக்கத்துல வந்து எறங்குனப்ப ஒரு டைரக்டர் மேலயும் கீழயும் பாத்துட்டு, "பேச்சியம்மானு போஸ்டர்ல போட்டா எவன் வருவான், இனிமே நீ ஹம்சவேணி"ன்னாரு. பதினெட்டு வயசு. பேரை மாத்துன அன்னிக்கே நடையும் மாறிப்போச்சு. நம்புனா நம்பு.

முதல் படத்துல எனக்கு அம்மாவா நடிச்சது அம்புஜா அக்கா. உனக்குத் தெரியாது, உங்கம்மாகிட்டக் கேளு. ஒரு காலத்துல பெரிய ஹீரோயின். அவங்க கண்ணுக்காகவே படம் ஓடியிருக்கு. நான் வந்தப்ப அவங்களுக்கு முப்பத்தஞ்சு இருக்குமா, அதுக்கு மேல இருக்காது. பக்கத்துல நின்னா என்னைவிட லட்சணமாத் தெரிஞ்சாங்க, பொய் சொல்லக் கூடாது. புதுசா வந்தவ, ஜனங்க கண்ணு என் மேல விழாம அம்மா மேல விழுந்தா நான் என்னத்துக்கு ஆவேன்? நேரா மேக்கப்மேன்கிட்டப் போய், "அண்ணே, அக்காவுக்குக் காதோரமா இன்னும் கொஞ்சம் நரை போடுங்கண்ணே, எனக்கு அக்கா மாதிரில்ல இருக்காங்க"ன்னேன். அக்கா அங்கதான் சேர்ல உக்காந்திருந்தாங்க. கண்ணாடி வழியா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. மேக்கப்மேன் போட்டாரு. அதுல என்ன தப்பு? கதைக்கு அவங்க அம்மா. அம்மான்னா நரைக்கணும்ல. ஹீரோயினா வந்தவ தன்னைத் தானேதான் பாத்துக்கணும், வேற யாரு பாப்பா?

அதே படத்துல நான் காதலனோட ஓடிப்போகப் பாக்க, அவங்க என்னை இழுத்து வச்சு அறையணும். சினிமா அறைன்னா அதுக்கு ஒரு வித்தை இருக்கு. கை கன்னத்தைத் தொடாது. விரல் நுனி மூக்குக்கு முன்னால சர்ருனு போகும், அந்த நேரத்துல நான் முகத்தை வெட்டித் திருப்பணும். சத்தம் அப்புறமா சேத்துக்குவாங்க. ரெண்டு பேருக்கும் டைமிங் வேணும், அவ்வளவுதான். அக்காவுக்கு டைமிங் விட்டுப்போச்சு. பளார்! நெசமாவே விழுந்துச்சு. விழுந்ததுதான் விழுந்துச்சு, பாவம், அடுத்து சொல்ல வேண்டிய டயலாக் வேற மறந்துபோச்சு அவங்களுக்கு. ஒன் மோர்னாங்க. மறுபடியும் பளார், மறுபடியும் மறந்துருச்சு. இப்படி நாலஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும், "ஸாரிம்மா, வயசாயிருச்சுல்ல"ன்னு என் கன்னத்தைத் தடவிக் குடுத்தாங்க. நல்ல மனுஷி. அன்னைக்குப் பிடிச்சதுதான் இந்தக் காதுச் சத்தம். கிழவிக்கு டைமிங் போச்சுன்னு நான் யூனிட் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவங்களை யாரும் அதிகமாக் கூப்பிடல. சரி, அது கெடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேற.

புவிராஜ்.

அவன் கூட முதல் படம் "தேரடிக் கல்யாணம்". நூறு நாள். ரெண்டாவதும் நூறு நாள். மூணாவது ஊத்திக்கிச்சு, ஆனா பாட்டு நின்னுச்சு. செட்டுல எல்லாரும் எங்களை ஜோடிப்புறான்னுதான் சொல்லுவாங்க. காதலா? அட, போ. அவனுக்கு அவனையே காதலிக்கத்தான் நேரம் சரியா இருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், சாப்பாட்டு வேளையில வறுத்த மீனுல முள்ளெடுத்து என் தட்டுல வைப்பான். "வேணி சாப்பிடட்டும்"பான். வேணின்னு கூப்பிட்டது அவன் மட்டும்தான். அதை நான் எதுக்கு ஞாபகம் வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல.

நாலாவது படம். ரெண்டு நாள் ஷூட்டிங் முடிஞ்சிருச்சு. மூணாவது நாள் காலையில கம்பெனிக் கார் வரணும். நான் எழுந்து தலை பின்னி, வீட்டுலயே முகத்துக்குப் பூச்சும் போட்டுக்கிட்டு வாசக்கேட்டுப் பக்கம் சேர்ல உக்காந்திருக்கேன். கார் வரல. உனக்கு இது புரியாது. சினிமாவுல உன்னை வேண்டாம்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. கடுதாசி வராது, போன் வராது. கார் வராது. அவ்வளவுதான். வெயில் ஏற ஏற நான் சேரை நிழலுக்கு நகத்தி நகத்திப் போட்டு உக்காந்திருந்தேன். கடைசியில ஒருத்தர் வந்தாரு, காஸ்ட்யூமர். கூச்சத்தோட தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அம்மா, அந்தத் தாவணி செட்டைக் குடுத்துருங்க. புதுப் பொண்ணுக்குப் பிடிச்சுத் தைக்கணும்"ன்னாரு.

புதுப் பொண்ணு பம்பாய். பதினெட்டு வயசு. எனக்கு அப்ப இருபத்தெட்டு. ஏன்யா, என்ன குறைனு கேட்டேன். மனுஷன் மறைக்கத் தெரியாதவரு. "எடுத்த ரெண்டு நாள் படத்தைப் போட்டுப் பாத்தாங்களாம்மா. பாத்துட்டு சார் சொன்னாராம், வேணிக்கு முகம் முத்திருச்சுன்னு."

முத்திருச்சாம்! வெண்டைக்காயா நான், நுனியை ஒடிச்சுப் பாத்து முத்தல்னு கடைக்காரன்கிட்டத் திருப்பிப் போட? முப்பத்தாறு வயசுக்காரன் அவன். விக்கு வச்சிருக்கான், வயித்துக்கு பெல்ட் போட்டிருக்கான். அவனுக்கு முத்தல. எனக்கு முத்திருச்சு. அந்த ஒரு வார்த்தை கோடம்பாக்கம் பூராப் பரவிருச்சு தாயி. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் என் முகத்தை அப்படித்தான் பாத்தாங்க, காய் வாங்குறவன் கணக்கா. அடுத்த வருஷமே அண்ணி வேஷம். அப்புறம் விதவை அக்கா. அப்புறம் வக்கீல், டாக்டர், ஜட்ஜு. நடுவுல ஒரு கல்யாணமும் பண்ணிக்கிட்டேன், அதுவும் ஓடல, விடு. பொட்டு வச்ச நெத்தியோட சீரியல்ல அழ ஆரம்பிச்சேன்.

ஆனா ஒரு நாளும் மறக்கல. சாமி கும்பிடுறப்ப எல்லாரும் என்னென்னமோ கேப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எங்கூருப் பேச்சிக்குப் பொங்க வச்சு, சேவலறுத்து, "ஆத்தா, அவன் முகத்துல ஒரு நாள் என் கை படணும்"னு கேட்டேன். பேச்சி கேட்டதைக் குடுப்பா. எப்படிக் குடுப்பாங்கிறதுதான் அவ இஷ்டம்.

குடுத்தா. பதினஞ்சு வருஷம் கழிச்சு அவன் மேனேஜர் போன் பண்றான். "மேடம், சாருக்கு அம்மா ரோல். பவர்ஃபுல் கேரக்டர்." யாருக்கு யாருடா அம்மானு கேட்டேன். "சார்தான் உங்களைக் கேக்கச் சொன்னாரு"ங்கிறான். போனை வைக்கப் போனேன். வைக்கிறதுக்குள்ள அவன் கதைய நாலு வரியில சொன்னான். அம்மா கஷ்டப்படுறா, பிள்ளை கெட்ட சகவாசத்துல போறான், அம்மா நடுத்தெருவுல பிள்ளையை அறையிறா. மத்தது ஒண்ணும் என் காதுல ஏறல. அறையிறாங்கிறது மட்டும் ஏறுச்சு. கால்ஷீட் எப்ப வேணும்னு கேட்டேன்.

படம் பேரு "பத்து மாசக் கடன்". நீ எத்தனை தடவை பாத்த? மூணு தடவையா! அழுதியா? எல்லாரும் அழுதாங்க.

அந்த சீன் எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சந்தைத் தெருவுல. சுத்திலும் ஜனம். டைரக்டர் சின்னப் பையன், என்கிட்ட வந்து, "மேடம், சார் கன்னம். பாத்து, டைமிங்"ன்னான். "எனக்கா தம்பி சொல்லிக் குடுக்கிற"ன்னேன். ஆக்‌ஷன்னான். விட்டேன் பாரு! சந்தையில கட்டியிருந்த மாடு திரும்பிப் பாத்துச்சு. அறைஞ்சிட்டு நான் சொல்ல வேண்டிய டயலாக், "உன்னப் பெத்த வயித்துல பெரண்டைய வச்சுத்தான்டா கட்டணும்!" தலைகீழாத் தெரியும் எனக்கு. ஆனா சொல்லல. திருதிருன்னு முழிச்சேன். "ஸாரி சார், மறந்துருச்சு. வயசாயிருச்சுல்ல?"ன்னு அவன் கன்னத்தைத் தடவிக் குடுத்தேன். ஒன் மோர். மறுபடியும் பளார். மறுபடியும் மறந்துருச்சு. இந்த யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காத. தன்னால வந்துச்சு. பேச்சி குடுத்ததுன்னு வச்சுக்கோ.

நாலாவது அறைக்கு அவன் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நெசத் தண்ணி. இத்தனை வருஷமா கிளிசரின் இல்லாம ஒரு சொட்டு விடத் தெரியாதவன் அவன், என் கையால அழுதான். கீழ் உதடு துடிக்குது, கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு, சின்னப் பிள்ளை மாதிரி என்னையே பாக்குறான். அந்த நேரம் எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. அப்பத்தான் டயலாக்கைச் சொன்னேன். அடி வயித்துலேர்ந்து சொன்னேன்.

அந்த டேக்கைத்தான் படத்துல வச்சாங்க. அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. அந்த அழுகைக்கு அவனுக்கு விருது! "புவிராஜுக்குள் இப்படியொரு கலைஞனா"ன்னு பத்திரிகையில எழுதுறான். அறைஞ்ச கை என் கை தாயி. அறைஞ்ச கைக்கு ஒண்ணுமில்ல, வாங்குன கன்னத்துக்கு விருது. அவன் மேடையேறி, "இதை என் தாய்க்குச் சமர்ப்பிக்கிறேன்"னு என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லி கையெடுத்துக் கும்பிட்டான். கேமரா என் பக்கம் திரும்புது. நான் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

அதோட விட்டுச்சா? ஜனங்க இருக்காங்களே, அவங்க அந்த அறையைச் சாமி பிரசாதமாக்கிட்டாங்க. படத்துல அறை வாங்கினப்புறம்தானே பிள்ளை திருந்தி, பெரிய ஆளாகி, கார்ல வர்றான்? அதனால ஹம்சவேணி அம்மா கையால அறை வாங்குனா யோகம்னு எவனோ கெளப்பிவிட்டுட்டான். பரீட்சைக்குப் போற பிள்ளையை இழுத்துட்டு வராங்க, "அம்மா, ஒரு அறை குடுங்க"ன்னு. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை கன்னத்தைக் காட்டுறான். பல்லடத்துல ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா, ரிப்பன் வெட்டச் சொல்வாங்கன்னு பட்டுச் சேலை கட்டிட்டுப் போனேன். கத்திரியே தரல. முதலாளி மாலையும் கழுத்துமா வந்து முன்னால மண்டி போடுறாரு. அறைஞ்சேன். மேளம் கொட்டுறாங்க! சிரிக்காத. இன்னிக்கு எனக்குச் சோறு போடுறது அந்த அறைதான். ஒவ்வொரு கன்னத்துலயும் நான் அவனைத்தான் அறையிறேன். வாங்குறவனுக்கு அது தெரியாது.

திருச்சி தாண்டிருச்சா? காப்பி வருது, வாங்கு. எனக்குச் சக்கரை வேணாம்.

இப்ப அவனுக்குப் படம் ஓடல. கட்சி ஆரம்பிச்சிருக்கான். "தாயுள்ள மக்கள் கழகம்." பேரைப் பாத்தியா? கொடியில ஒரு கை. என் கை! வளையல் போட்ட கை ஒண்ணு ஆசீர்வாதம் பண்ற மாதிரி. போன வாரம் அவன் ஆளுங்க ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. மதுரையில முதல் மாநாடு, மேடையில அண்ணன் உங்க கால்ல விழுந்து ஆசி வாங்கணும்னு ஆசைப்படுறாரு, ரெண்டு வார்த்தை பேசணும்னாங்க. மைக் குடுப்பீங்களான்னு கேட்டேன். குடுப்போம்னாங்க. அப்ப வர்றேன்னேன்.

என்ன பேசணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். "நான் இவனுக்குத் தாய் இல்ல. நான் இவனுக்கு எட்டு வயசு சின்னவ. இவன்கூட ஜோடியா ஆடுனவ. முகம் முத்திருச்சுன்னு என்னைத் தூக்கிப்போட்டவன் இவன்." நாலே வரி. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். இதுக்குன்னே பாட்டில் பச்சையில ஒரு பட்டு எடுத்தேன். தலைக்கு மை போட்டு, மதுரையில எறங்கினதும் நாலு முழம் மல்லிப்பூ வாங்கி வச்சேன். கண்ணாடியில பாத்தா, ஏதோ, நல்லாத்தான் இருந்தேன்.

மேடைக்குப் பின்னால ஒரு ரூம். மகளிரணித் தலைவியாம், ஒரு பொம்பள வந்தா. கையில வெள்ளைச் சேலை. "இதைக் கட்டிக்குங்கம்மா, தாய்னா வெள்ளைதானே"ங்கிறா. படத்துல கட்டியிருந்தேன்ல, அந்த மாதிரி. நான் முடியாதுங்கிறேன், அண்ணன் உத்தரவுங்கிறா. பூவை எடுக்கச் சொன்னா. எடுத்ததும் டப்பாவைத் தொறந்து, பவுடரை அள்ளி என் காதோரமாப் பூசுறா! "இன்னும் கொஞ்சம் நரை இருந்தாத்தாம்மா எடுப்பாத் தெரியும்"ங்கிறா. என் தலையில, என்னைக் கேக்காம! எம்புட்டு நெஞ்சழுத்தம் இருந்தா ஒருத்தி இன்னொருத்திக்கு அப்படிச் செய்வா, சொல்லு. அவ நல்லா இருப்பாளா? பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மைக் கைக்கு வர்ற வரைக்கும்தானே, பூசுடினு நெனச்சுக்கிட்டேன்.

மேடை ஏறினேன். கண்ணுக்கெட்டுன தூரம் தலை. அவன் வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கன்னங்கரேல்னு முடி. வந்தவன் தடால்னு என் கால்ல விழுந்தான். கூட்டம் ஓன்னு கத்துது. மைக் என் கையில வந்துச்சு. ஒரு மூச்சு இழுத்தேன்.

"நான் இவருக்குத் தாய் இல்ல"ன்னேன். கூட்டம் அமைதியாயிருச்சு. "இவரைவிட எட்டு வயசு சின்னவ நான். இவருக்கு ஜோடியா நடிச்சவ"ன்னேன். அடுத்த வரி என் நாக்கு நுனியில நிக்குது. அதுக்குள்ள அவன் எந்திரிச்சு இன்னொரு மைக்கைப் பிடிச்சுட்டான். கையை மேல தூக்கிட்டுச் சொல்றான்: "கேட்டீங்களா! வயசுல சின்னவங்க. கூட ஜோடியா நடிச்சவங்க. ஆனாலும் இந்தப் புவிராஜுக்கு இவங்க தாய்! தமிழ்நாட்டுல எட்டு வயசுப் பெண் குழந்தையும் எனக்குத் தாய்தான்!"

முடிஞ்சுச்சு. கூட்டம் விசிலடிக்குது, துண்டை வீசுது. "தாயே, தாயே"ங்கிறாங்க. எனக்கே ஒரு நிமிஷம் புல்லரிச்சுப்போச்சு, பாத்துக்கோ. படுபாவி, வாயிலயே பொழைக்கிறவன். இத்தனை வருஷம் நெஞ்சுல வச்சிருந்ததை ஒரே வாயில முழுங்கி ஏப்பம் விட்டுட்டான். அப்புறம் முன்வரிசையில எவனோ ஆரம்பிச்சான், "அறை! அறை!"ன்னு. மைதானமே கத்துது. அவன் சிரிச்சுக்கிட்டே கன்னத்தைக் காட்டிக் குனிஞ்சு நிக்கிறான்.

அறைஞ்சேன். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேத்து அறைஞ்சேன். கை எரியுது. வேட்டு போடுறாங்க. அவன் மைக்கைக் கீழ எறக்கிட்டு, உதட்டை அசைக்காம, என் வலது காதுகிட்டச் சொல்றான்: "இன்னொண்ணு குடு வேணி. இந்தப் பக்கம் கேமராவை மறைச்சிட்ட."

வேணி. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு வேணிங்கிறான். அதுவும் கேமராவுக்காக.

கையைத் தூக்கிட்டேன். அப்பத்தான் அவன் முகத்தைக் கிட்டத்துல பாத்தேன். பூச்சு தாயி. விரக்கடை கனத்துக்குப் பூச்சு. என் விரல் பட்ட எடத்துல அஞ்சு கோடு, வாய்க்கால் வெட்டுன மாதிரி. வேர்வையில தலை மை கரைஞ்சு காதுப் பக்கம் எறங்குது. தூக்கின கையை எறக்கினேன். முந்தானையை எடுத்தேன். அந்த வெள்ளைச் சேலை முந்தானையைத்தான். மெதுவா அவன் முகத்தைத் துடைச்சேன். நெத்தி, கன்னம், கண்ணுக்குக் கீழ. தாய் பிள்ளைக்குக் கண்ணீரைத் துடைக்கிறாளேன்னு ஜனம் உச்சுக் கொட்டுது. அவனும் கண்ணை மூடிக்கிட்டுக் காட்டிக்கிட்டு நிக்கிறான், நல்ல ஷாட்டுன்னு. நான் நிறுத்தல. அழுத்தித் துடைச்சேன். பூச்சு வழிச்சு வருது. ரெண்டு பக்கமும் லாரி அளவுக்குப் பெரிய திரை வச்சிருந்தான்ல, அதுல அவன் முகம் தெரியுது. மங்கு விழுந்த கன்னம், தொங்குற தாடை, கண்ணுக்குக் கீழ பை. நெசமான அறுபத்துநாலு.

வெண்டைக்காயைப் பிடிக்கிற மாதிரி மோவாயை ரெண்டு விரலால பிடிச்சுக் கேமரா பக்கம் திருப்பினேன். மைக்ல சொன்னேன். சத்தமா இல்ல, செல்லமாத்தான்.

"முத்திருச்சு ராஜா. முகம் முத்திருச்சு."

முன்னால ஒரு சின்னப் பொண்ணு களுக்னு சிரிச்சா. அப்புறம் அவ பக்கத்துல இருந்தவ. அப்புறம் எல்லாரும். ஒருத்தனை வெட்டலாம், குத்தலாம், அவன் தியாகியாயிருவான். சிரிச்சுட்டா எந்திரிக்க முடியாது. அவன் கண்ணைத் தொறந்து திரையைப் பாத்தான். கட்சித் துண்டை எடுத்து முகத்துல போத்திக்கிட்டான், பொண்ணு பாக்க வந்த எடத்துல வெக்கப்படுற பிள்ளை மாதிரி. நான் செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கி வந்துட்டேன்.

காலையில பேப்பர்ல என்ன போட்டிருக்கான் பாத்தியா? "தாயின் முந்தானையில் முகம் துடைத்த தலைவர்." போடட்டும். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்தா, பைக்குள்ள பாரு. அதே சேலைதான். பாத்தியா கறையை? நெத்தி எது, மூக்கு எதுன்னு தெரியுது. துவைக்க மாட்டேன். சாகுற வரைக்கும் பீரோவுல இருக்கும்.

ஆமா தாயி, எல்லாம் முடிஞ்சுச்சு. மனசு லேசா இருக்கு. இனிமே யார் மேலயும் கோவம் இல்ல.

நாளைக்குக் காலையில சீரியல் ஷூட்டிங். புதுசா ஆரம்பிக்கிறாங்க. ஹீரோயினுக்கு இருபது வயசு கூட இருக்காது, ஏதோ தான்வியாம். நான் அவளுக்கு அம்மா. வேஷம் போட்டு போட்டோ எடுத்துப் பாத்தாங்களே போன வாரம், அன்னிக்கு அந்தக் குட்டி மேக்கப்மேன்கிட்டப் போய் என்ன சொல்றா தெரியுமா? "அங்கிள், மேடம் எனக்கு அக்கா மாதிரி இருக்காங்க. ஒயிட் இன்னும் கொஞ்சம் போடுங்க"ங்கிறா. நான் அங்கதான் சேர்ல உக்காந்திருக்கேன். கண்ணாடி வழியா ஒரு பார்வை பாத்தேன். நேத்துப் பேஞ்ச மழையில இன்னிக்கு மொளைச்ச காளான், அதுகிட்ட என்ன பேச்சு?

ஆனா நாளைக்கே ஒரு சீன் இருக்கு. அவ ஓடிப்போகப் பாக்கிறா, நான் இழுத்து வச்சு அறையணும். நீயே நெனச்சுக்கோ. டயலாக்கும் நீளமா எழுதியிருக்கான், மறந்தாலும் மறந்துரும், வயசாயிருச்சுல்ல? நாலஞ்சு டேக் போகும். பாவம், அதுக்கு ஒண்ணும் புரியாது. கன்னத்தைத் தடவிக் குடுத்தா சரியாயிரும். அப்புறம் வெளிய போய், கிழவிக்கு டைமிங் போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சு...

என்ன?

ஒண்ணுமில்ல. என்னமோ சொல்ல வந்தேன். விட்டுப்போச்சு.

அது என்ன சத்தம், ரயிலா? நின்னுதானே கெடக்கு. அப்ப என் காதுதான். ஏன் தாயி, உங்கம்மாவுக்குப் போன் போட்டு ஒண்ணு கேக்கிறியா? அந்த அம்புஜா அக்கா... உசுரோட இருக்காங்களா, இல்லையா? எனக்குத் தெரியல. நான் கேட்டதே இல்ல.